வாசலில் புதைத்த செம்புத் தகடு

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரப்பாளையத்திலிருந்து அவனியாபுரம் போகும் பேட்டரி ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவள் மடியில் சிறு பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்க மொத சம்சாரத்தோட ஆவியைக் கட்டி வாசல்ல பொதச்ச செம்புத் தகட்டைத் தோண்டி, பழைய இரும்புக் கடையில போட்ருக்கீங்களே," என்றாள்.

"செம்பு வெல ஏறிக் கெடக்குன்னு போட்டேன். தகடு போனாலும் நீ விடமாட்ட போல."

"அன்னையிலருந்து பிள்ளை ரோட்டுக்கு ஓடுது."

"வண்டி பாக்க ஓடுதுடி."

"டீசல் ஆட்டோவுக்கு ஓடலையே! சத்தமில்லாத வண்டி வந்தாத்தான் ஓடுறா. பெரியம்மா கூப்புடுதுங்கிறா. அப்பிடி ஒருத்தி இருந்ததையே நாம அவகிட்டச் சொன்னதில்லையே."

டிரைவர் சிரித்தார். "பேட்டரி வண்டி மோட்டாருக்குள்ள பூரா செம்புக் கம்பிதாண்ணே. பழசை உருக்கியும் கம்பி இழுக்கிறாக. ஒங்க தகடு எந்த வண்டியில சுத்துதோ!"

அந்தப் புருஷன் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தான்.

"வண்டியை நிறுத்துங்கண்ணே," என்றாள் அவள். வண்டி நின்றது. பிள்ளை விழித்து, சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது.

"பெரியம்மா எறங்கலையே. நானும் வரல."

தகப்பன்தான் அதன் விரல்களைப் பிரித்து, தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது.

செம்பை உருக்கினால் கட்டு அவிழ்ந்துவிடுமா, இல்லை கம்பிக்குள்ளேயே இருக்குமா? டிரைவர் சொன்னதும் சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.