புதுக்கூரை போட்ட பள்ளிக்கூடம்

இலங்கையில் சண்டை முடிந்த வருஷம். கனடாவில், வெக்ஸ்போர்ட் பக்கம் போன பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"அக்கா ஊருக்குத் திரும்பிப் போனா பிரான்ஸில ஒரு பள்ளிக்கூடத்தையே பூட்டிப்போடுவாங்கள், அன்ரி," என்றாள் இளையவள்.

"ஏன் பிள்ளை?"

"அது சின்னக் கிராமம். ஐரோப்பிய யூனியன் காசு குடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை போட்டது. படிக்கத்தான் ஆளில்லை. இருக்கிற பத்துப் பிள்ளையளில நாலு அக்காவின்ர."

"அப்ப?"

"சண்டை முடிஞ்சுது எண்டு கேள்விப்பட்டு மேயரே ஓடி வந்தவராம். வெறுங்கையோட இல்லை, ஒரு முழுச் சீஸோட. போயிடுவியளோ எண்டு கேட்டவராம்."

"அக்கா என்ன சொன்னவ?"

"இது அஞ்சாவது எண்டு வயித்தைத் தொட்டுக் காட்டினவவாம்."

அன்ரி சிரித்துக்கொண்டே இறங்குவதற்கு மணிக்கயிற்றை இழுத்தார்.

"அப்ப அந்தக் கூரை வீணாப் போகாது."