எழுப்பிப் பார்க்கும் நேரம்

எனக்கு டீ ஆறிப்போனால் பிடிக்காது, சார். ஆடை படிந்துவிட்டால் கொட்டிவிடுவேன். பதினோரு வருஷ நர்ஸ் வேலையில் நான் விடாமல் கடைப்பிடித்த கொள்கை இது ஒன்றுதான்.

டோல்கேட் பக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரி. குழந்தைகள் ஐசியூவில் எனக்குக் காலை டியூட்டி. எபினேசர் பிரதர் இருந்தால் பிள்ளைகள் கம்மென்று தூங்கும் என்று தாய்மார்கள் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அது ஊசி போட்ட தூக்கம் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மூச்சுக்குழாய் போட்ட பிள்ளைக்கு மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் எட்டு மணிக்கு அதை நிறுத்தி, அம்மாவை உள்ளே விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்ல வேண்டும். பிள்ளை கண் திறக்கிறதா என்று டாக்டர் ஸ்டானிஸ்லாஸ் பார்ப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விழித்த பிள்ளை சும்மா இருக்குமா? எண்ணூர்க் குப்பத்து நிதிஷ் என் டியூட்டியில் விழித்துக் குழாயைப் பிடுங்கிவிட்டான். அவன் பிழைத்துக்கொண்டான், எனக்குத்தான் மெமோ. குழாயோடு அழும் பிள்ளைக்குச் சத்தமும் வராது, வாய் மட்டும் கோணும். அதைப் பார்க்க முடியாத இளகிய மனசு எனக்கு. வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லை, நானேதான் சொல்லிக்கொள்கிறேன். சோம்பேறி என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

அதனால் எட்டு மணிக்கு எல்லார் கண்முன்னாலும் மருந்தை நிறுத்துவேன். சற்று முன்னால்தான் கூடுதலாகக் கொஞ்சம் ஏற்றியிருப்பேன்.

நவ்ரீனுக்கு ஆறு வயது. நிமோனியா. நெஞ்சு தெளிந்துகொண்டு வந்தது. நாலு நாள் காலையில் அவள் அம்மா சபீஹா காதருகே குனிந்து கூப்பிட்டுப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை. மருந்தை நிறுத்தியும் எழவில்லை, ஸ்கேனில் தெரியாத சேதம் மூளையில் இருக்கலாம் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் சபீஹா என்னிடம் வந்தாள். "இன்னும் இன்னாத்துக்கு பிரதர் அத்த குத்திக்கினு? வூட்டுக்கே இட்டுக்கினு போறோம்."

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, என் மருந்தில் தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது மெமோ வரும். குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட என் பேனாவைக் கொடுத்தேன். மை அடைக்காத நல்ல பேனா.

அடுத்த வாரம் அவள் திரும்ப வந்து என்னைத்தான் தேடினாள். "வூட்டுக்குப் போனதும் கண்ண தொறந்து என்னிய பாத்துச்சி பிரதர். வாயசச்சிது. மூச்சு வாங்கிக்கினே இருந்துச்சி, சாயங்காலம் போய்ட்சி. இங்கியே வுட்டிருந்தா பொழச்சிருக்குமா?"

இல்லைம்மா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், உண்மையாகவே. அப்புறம் புது டீ போடச் சொன்னேன்.

ரூபினா சிஸ்டர் காலி மருந்துக் குப்பிகளை எண்ணிப் பார்த்துக் கணக்கு இடித்ததால்தான் இங்கே உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்கிறேன். என் மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், உங்கள் இஷ்டம். எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாள். எழுப்பாமல் வைத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். நவ்ரீன் என் டியூட்டியில் சாகவில்லை.