அடியில் வெள்ளி பூசிய சிவப்பு

தலைமை ஏற்று நடுவில் அமர்ந்திருக்கும் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து கையில் டார்ச் விளக்கோடு வண்டிகளின் வயிற்றுக்கடியில் புகுந்து புறப்பட்ட நடுவர் பெருமக்களே, வண்டியைப் பிள்ளைபோல் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கும் பெரியோர்களே, அந்த வண்டிகளுக்காக வீட்டு முற்றத்தையும் பழைய துண்டுகளையும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுத்த தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

பின்வரிசையில் ஒருவர் "சத்தமாப் பேசுங்க" என்கிறார். ஐயா, என் குரலே இவ்வளவுதான். இரண்டு வரிசை முன்னால் வாருங்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நிறம் என்ற பிரிவில் முதற்பரிசு பெற்ற கருஞ்சிவப்பு வண்டியைக் கொண்டுவந்தவன் என் சின்ன அண்ணன். பரிசு வாங்க அவன் மேடையேறவில்லை. என்னை ஏற்றிவிட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு வா என்றான். வண்டியின் அழகைப் புகழச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அது அவனுடைய வண்டி அன்று. எங்கள் பெரிய அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கி, மாற்றலாகிப் போனபோது விற்றுவிட்ட வண்டி. வெகுகாலம் கழித்து, ஒரு மாவு மில்லின் பின்பக்கம், கிழிந்த சாக்குகளுக்கு அடியில் சின்ன அண்ணன் அதைக் கண்டுபிடித்தான். என்ஜினில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்து, போனில் பெரிய அண்ணனுக்குப் படித்துக் காட்டினான். "எடுத்துட்டு வாடா, ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார்.

பேச்சுக்காகச் சொன்னதல்ல அது. அவருக்குக் கண் நரம்பில் நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சின்ன அண்ணனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வேலையைத் தொடங்கினான். தெரிந்ததனால்தான் தாமதித்தான்.

விந்தையாக இருக்கிறதா? அவன் கணக்கு இதுதான்: அண்ணன் கடைசியாகப் பார்க்கப்போகும் நிறம், அண்ணன் முதன்முதலில் ஆசைப்பட்ட நிறமாக இருக்க வேண்டும். ஆசை பெரிது, அன்பு பெரிது. அவகாசம்தான் சிறிது.

பெயிண்டர் டேங்கின் மேற்புறத்தைப் பார்த்து நிறம் கலந்தார். அடித்து முடித்த பிறகுதான் புத்தியில் பட்டது: அது வெயில் தின்று மிச்சம் வைத்த சிவப்பு. சுரண்டினார்கள். வெயிலே படாத இடம் தேடி, டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தைப் பிடித்தார்கள். அதைப் பார்த்துக் கலந்தார்கள். சிவப்பு வந்தது, ஆழம் வரவில்லை. மூடியின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தால், சிவப்புக்கு அடியில் வெள்ளி நிறம்! கம்பெனியில் முதலில் வெள்ளி பூசி, அதன்மேல் கண்ணாடிபோல் ஊடுருவும் சிவப்பை அடித்திருக்கிறார்கள். மறுபடி சுரண்டல். வெள்ளி பூசி முடிப்பதற்குள் மழைக்காலம். ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் பால் கொட்டியதுபோல் வெளுத்துப் பூத்தது. மறுபடியும் சுரண்டல். காற்று காயட்டும் என்று காத்திருப்பு.

பெயிண்டரே அலுத்துப்போய், "சார், இந்த வித்தியாசம் உலகத்துல உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார்.

"எங்க அண்ணனுக்குத் தெரியும்" என்றான் இவன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் தாய்மார்களின் முகமே சொல்கிறது.

அண்ணி போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, அவரு சட்டை பட்டனையே தடவித்தான் போடுறாரு. எந்தக் கலர்ல இருந்தாலும் பரவாயில்ல, கொண்டாந்து நிறுத்துங்க."

"இன்னும் ஒரு கோட்டிங்தான் அண்ணி. தப்பான கலரை அண்ணன் கண்ணுல காட்டச் சொல்றீங்களா?"

ஒரு கோட்டிங். பிறகு இன்னொரு கோட்டிங். கடைசியில் ஒரு நண்பகலில் டேங்கின்மேல் அந்த மூடியை வைத்துப் பார்த்தான். எது புதிது, எது பழையது என்று சொல்ல முடியவில்லை. அன்றே வண்டியை வேனில் ஏற்றினான். நானும் கூடப் போனேன்.

வாசலில், நல்ல வெயிலில், வண்டியை இறக்கி நிறுத்தினோம். நிழலில் கருமை, வெயிலில் கனல், அசைந்தால் உள்ளே அடியாழத்தில் ஒரு வெள்ளி மினுக்கம். அப்படி ஒரு சிவப்பை நான் அதுவரை கண்டதில்லை. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் படியிறங்கினார். வண்டிக்கு எதிரே வந்து நின்று, வேன் சத்தம் கேட்ட பக்கமாக முகத்தைத் திருப்பி, "இறக்கியாச்சா?" என்று கேட்டார்.

சின்ன அண்ணன் அவர் கையைப் பிடித்து ஹேண்டில்பாரின்மேல் வைத்தான். அந்தக் கை விளக்கைத் தடவியது. டேங்குக்கு வந்தது. வலப்பக்கம் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் மேலே போய், கீழே வந்து, எதையோ தேடியது.

"அந்தக் குழி எங்கடா?"

"எந்தக் குழி அண்ணா?"

"உன்னைப் பின்னால ஏத்திட்டுப் போயி ரெண்டு பேரும் விழுந்தோமே, டேங்க் நசுங்குச்சே. ஓட்டுறப்பல்லாம் என் முழங்கால் அதுலதான் போயி உக்காரும்."

"பட்டி வச்சு நிரப்பிட்டேன் அண்ணா. கம்பெனியில இருந்து வந்தப்ப அது இல்லையே."

பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். "நல்லா வழுவழுன்னு இருக்கு. யாருக்குடா குடுக்கப்போற?"

கோபமாகக் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. அயலார் வண்டியைப் பாராட்டும் மரியாதையோடு கேட்டார். வண்டி அதே வேனில் திரும்பி வந்தது.

நடுவர் பெருமக்களே, உங்கள் தீர்ப்பில் பிழையில்லை. நிறம் அச்சு அசல்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அந்த வண்டி யாருடையது? யாருடையதும் இல்லை! அது விழுந்தபோது ஒருவருடையதாயிற்று, நசுங்கியபோது ஒருவருடையதாயிற்று, ஒரு முழங்காலுக்கு இடம் கொடுத்தபோது ஒருவருடையதாயிற்று. அத்தனையையும் அன்பினால் சுரண்டி எடுத்தோம். அக்கறையினால் நிரப்பி மூடினோம். வேண்டியவர் வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாம் வேறொன்றை மெருகேற்றிக்கொண்டே இருந்தோம்.

இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டி பாதியில் நிற்கிறது? எத்தனை வண்டிக்காக ஒருவர் எங்கோ காத்திருக்கிறார்? இன்னும் ஒரு கோட்டிங் என்று இன்று சொல்லாதீர்கள். நிறம் பொருந்தாவிட்டால் பொருந்தாமல் போகட்டும். துரு தெரிந்தால் தெரியட்டும். அப்படியே தள்ளிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்துங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணியடிக்காமல் பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. பரிசை வாங்கிக்கொள்கிறேன், எந்த வீட்டில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. வணக்கம்.