வேனில் நான் தோற்ற வாதம்

மேடையில் இருக்கும் போதகர் நியூஃபெல்ட் அவர்களே, தலைமையாசிரியை கூப்மன் அவர்களே, விவாத அணிப் பிள்ளைகளே, லோரீன் ஷ்ராக் டீச்சரை இழந்து உட்கார்ந்திருக்கும் நம் ஊர் மக்களே! என் டையில் இருக்கும் சிவப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் சில்லிக் குழம்பைக் கொட்டிக்கொண்டேன். டையும் இரவல். டை கட்டாமல் வருகிற பையன்களுக்காக டீச்சர் அணியின் வேனில் ஒரு பெட்டி வைத்திருந்தாரே, அதிலிருந்து எடுத்தது.

நான் டுவைட் அன்ரூ. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்களை ரிப்பேர் செய்கிறவன். பள்ளிக்கூடத்தோடு படிப்பு சரி. மகள் டார்சி விவாத அணியில் சேர்ந்ததால் சனிக்கிழமைதோறும் போட்டிகளுக்கு வேன் ஓட்டினேன். நடுவர் போதாத ஒருநாள் என்னையும் உட்கார வைத்தார்கள். முதல் பையன் மூச்சுவிடாமல் பேசிய வேகத்தைப் பார்த்து, வலிப்பு வந்துவிட்டதென்று தண்ணீரோடு ஓடினேன். வாசலில் நின்ற டீச்சர், "டுவைட், அவன் நல்லாத்தான் இருக்கான். உக்காருங்க. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு" என்றார்.

இருபத்தாறு வருடம் டீச்சர் விவாதம் சொல்லித் தந்தார்! எத்தனை பிள்ளைகள்! அவர்கள் எதை மாற்றச் சொல்லி வாதாடக் கிளம்பினாலும், முதலில் பத்து நிமிடம் இப்போதிருக்கிற நிலையின் பக்கம் நின்று பேசவைப்பார். ஒருநாள் டார்சி அழுதேவிட்டாள்.

"கோச், சின்னப் பசங்களை ஜெயில்ல வைக்கிறது சரின்னு நான் எப்படிப் பேசறது?"

"சரின்னு ஏன் பேசறே? அது இத்தனை வருஷமா எப்படி நிக்குது? எது அதைப் பிடிச்சு வெச்சிருக்கு? அதைச் சொல்லு. அப்புறம் தள்ளு."

இன்னொரு விதியும் சொல்லித் தந்தார். மாற்றம் கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக நின்றால், வெற்றி இப்போதிருக்கிற நிலைக்குத்தான். நியாயமான விதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன அக்டோபரில் அவருக்கு இருமல் வந்தது. சத்தத்தைக் கேட்டே ஹீட்டரில் எந்தப் பாகம் போயிற்று என்று சொல்கிறவன் நான். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை. சலைனா ஊரில் நடந்த போட்டிக்குப் போகும் வழியில், வேனில் கேட்டேன்.

"டாக்டரைப் பாருங்களேன், டீச்சர்."

"எதுக்கு? என்ன கெட்டுப்போச்சுன்னு நிரூபிங்க."

"இருமுறீங்களே!"

"போன வருஷமும் இருமினேன். தானா நின்னுச்சு. அப்ப இருக்கிற ஏற்பாடே வேலை செய்யுதுதானே? ஜனவரியில மாநிலப் போட்டி முடியட்டும், போறேன். இப்பவே போய்ப் படுத்துட்டா இந்தப் பதினாலு பேருக்கு யாரு சொல்லிக் குடுப்பா? நீங்களா?"

பின் இருக்கைகளில் ஒரே கூச்சல். "அப்பா, உன்கிட்ட பதிலே இல்ல! தோத்துட்டே!" என்றாள் டார்சி. நானும் சிரித்தேன். "தோத்துட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

ஜனவரியில் டாக்டரிடம் போனார். சொன்ன சொல் தவறாதவர்! டாக்டருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. நமக்கு மட்டும் என்ன இருந்தது? வீடு வீடாகச் சமைத்துக் கொண்டுபோனோம். அவரால் விழுங்க முடியவில்லை. நான் போய் அவர் வீட்டு ஹீட்டரைப் பிரித்து மாட்டினேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறென்ன தெரியும்?

முன்வரிசைப் பிள்ளைகள் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம் பாக்கியாம். பழக்கதோஷம்! முடிக்கிறேன். இனி யார் சொல்லித் தருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போலப் பேசவும் மாட்டேன். ஆனால் வருகிற அக்டோபரின் முதல் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வேன் பள்ளி வாசலில் நிற்கும். இந்த டையும் துவைத்துப் பெட்டியில் இருக்கும். இது என் உறுதி.

டார்சி, அன்றைக்கு வேனில் அப்பாவிடம் ஒரு பதில் இருந்ததம்மா. அதற்கு ஆதாரம் கிடையாது. நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்களே என்று விழுங்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் விழுங்கினேன்.

'எனக்குப் பயமா இருக்கு, டீச்சர்.'