இரண்டாவது கற்குவியல்

"என் வாசல்ல டீ குடிக்க வர்ற ஜனத்தையெல்லாம் என்ன சொக்குப்பொடி போட்டு உன் பக்கம் இழுத்தே, டீலியா?"

"உன் கேக்கை ஒருதடவை கடிச்சவன் மறுபடி வருவானா, சபைனா? அவனவனுக்குப் பல்லு முக்கியமில்லையா?"

"இனிமே என் மூஞ்சில முழிக்காதே. நீயா வந்து பேசினாலும் பேசமாட்டேன்."

"நானா வந்து பேசுவேன்னு கனவு காணாதே."

அன்று காலை சாலையின் இரு பக்கமும் நின்று நாங்கள் பேசியது இவ்வளவுதான், சார்ஜன்ட். கொனமாராவில் மழையில்லாத காலையை யாரும் வீணாக்குவதில்லை.

எங்கள் ‘பின் கரவ்’ மலையில் ஏறுகிறவர்கள் முன்பெல்லாம் சபைனா வீட்டுப் பக்கமாகத்தான் இறங்குவார்கள். முகட்டிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பழைய கற்குவியல் உண்டு. அதைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பவேண்டும். யார், எந்த ஊர், கூட வந்தது மனைவிதானா என்ற செய்தியெல்லாம் அவள் டீக்கோப்பையில்தான் விழும். என் வாசலுக்கு வந்தது தபால்காரர் மட்டும். ஆகவே ஒரு கோடையில், பழைய குவியலுக்கு மேலே, என் வீட்டுக்கு ஆட்டுத்தடம் இறங்கும் இடத்தில், சில கற்களை அடுக்கிவிட்டு வந்தேன். என் கைப்பை அளவுகூட இருக்காது. மலையேறுகிறவர்கள் குவியலைக் கண்டால் தங்கள் பங்குக்கு ஒரு கல் வைப்பது வழக்கம். அடுத்த கோடைக்குள் ஆள் உயரம் ஆகிவிட்டது. நேராக இறங்கினால் நல்ல பாதை, நானே நடந்து பார்த்திருக்கிறேன். வலப்பக்கம்தான் செங்குத்துப் பள்ளம். வெளியூர்க்காரர் எவரும் அங்கே திரும்பக் காரணமில்லை.

நாங்கள் சண்டை போட்ட அன்று பிற்பகல் மூடுபனி இறங்கியது. மேலே போன ஜெர்மன் ஜோடி திரும்பவில்லை என்று சபைனாவின் கணவர் கோல்மன் தேடக் கிளம்பினார். ஆடுகளை விற்றபின் மலைப்பக்கமே போகாதவர்.

"ஒண்ணுமே தெரியலயே, போய்த்தான் ஆகணுமா?" என்றாள் சபைனா.

"கண்ணு எதுக்குடி? குவியல்ல கை பட்டா வலப்பக்கம். எங்கப்பா தூங்கிக்கிட்டே இறங்குவார்."

எனக்குக் கேட்டது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. மேலே இப்போது இரண்டு குவியல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில்தான் பேச்சு முறிந்திருந்தது. யார் முதலில் வாய் திறப்பது என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஜன்னலைச் சாத்தினேன். குளிராகவும் இருந்தது.

ஜெர்மன் ஜோடி பத்திரமாக என் வாசலில் வந்து இறங்கியது. சூப் கொடுத்து எல்லாம் விசாரித்தேன். இன்னும் கல்யாணமாகவில்லையாம். கோல்மனை மறுநாள் பள்ளத்திலிருந்து எடுத்தார்கள்.

அந்த ஜன்னலுக்கு இப்போது தடித்த திரை போட்டிருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும்.

வசந்தத்தில் அந்த ஜெர்மன்காரர்கள் கல்யாணம் செய்துகொண்டு படம் அனுப்பினார்கள். சபைனா வீட்டைப் பூட்டிக்கொண்டு கால்வே நகரத்துக்கு, மகளிடம் போய்விட்டாள். போகும்முன் சாலையைக் கடந்து வந்து, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது, டீலியா. மனசுல வச்சுக்காதே" என்றாள்.

முதலில் வந்து பேசியது அவள்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.