பிரேக்குக்குள் காற்று

"மூணு தபா மிதிச்சாதான் புடிக்குது, பயப்படாத" என்று ஷேர் ஆட்டோ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொன்னார். செவிலிமேட்டில் அப்போதுதான் ஏறியிருந்த நான், எதைப் பற்றிய பேச்சு என்று புரியாமல் சிரித்து வைத்தேன்.

"காலைலதானே ரெண்டு பேரும் சேந்து பிரேக்ல இருந்த காத்த எடுத்தோம். மறுபடி எப்படிய்யா வந்துச்சு?"

"உன்னாலதான். நான் கீழ படுத்துக்கினு நட்டைத் திறந்து காத்த விடறேன். மூடற வரைக்கும் நீ பெடலை அமுக்கிப் புடிச்சிக்கினு இருக்கணும். நீ தறி மிதிக்கிற மாதிரி மிதிச்சி மிதிச்சி விட்டுட்ட. போன காத்தெல்லாம் திரும்பி உள்ள வந்துடுச்சி."

"தறியில உக்கார்ற கால், அதுவா விடுது. இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

பேச்சு எதைப் பற்றி என்று இப்போது புரிந்தது. இறங்கிவிடலாம் என்றால், அதற்கும் அவர் பிரேக்கைத்தானே மிதிக்க வேண்டும்? கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஒத்தாசையாக நானும் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே ஒரு பள்ளி வேன் திரும்பியது. டிரைவர் மிதித்தார், மிதித்தார், மிதித்தார். வேனுக்கு ஒரு முழம் முன்னால் ஆட்டோ நின்றது.

மனைவி இறங்கி, சீட்டுக்கடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் புடவையை இழுத்துச் செருகினார்.

"ஓரங்கட்டுய்யா. இந்த வாட்டி நான் கீழ போறேன், நீ மிதி."

"எந்த நட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத. வலிச்சா, உள்ள உக்காந்துக்கினு இருக்கிறவங்கள நெனச்சிக்கோ."