அவசரக் கட்டணம்

எனக்குத் தொலைபேசியில் நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்குமாம். இந்தக் குரலுக்காகத்தான் ஞானேந்திரன் அண்ணை என்னைத் தன் கொம்பனியில் சேர்த்துக்கொண்டார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல உஷா மேடம் அதைப் பிரெஞ்சாக்கி உங்களுக்குச் சொல்லுவார், பொலிஸ் ஐயா. அவர் சென்னைக்காரர். என்னுடைய யாழ்ப்பாணத் தமிழில் எங்காவது தடக்கினால் கேட்கட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் அலுவலகம் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு டெப்பனேர் கடைக்கு மேல்மாடி. கீழே பாலும் பியரும், மேலே பூபாளம் தொலைபேசி. பெரிய கொம்பனியிடம் லைன்களை மொத்தமாக எடுத்து எங்கள் சனத்துக்குச் சில்லறையாக விற்கிற வேலை. தொண்ணூற்றெட்டில் அப்படிக் கனபேர் வெளிக்கிட்டார்கள். அண்ணை ஆள் பிடிப்பார். பில் அடிப்பது, முறைப்பாடு கேட்பது, லைன்களைப் பிரித்துவிடுகிற கணினிப் பெட்டியைப் பார்ப்பது எல்லாம் நான்.

பில்லில் ஒரு வரி இருந்தது. லைன் ஒன்றுக்கு மாதம் நாற்பத்தேழு சதம். ஆபத்தில் யாராவது 911 அடித்தால் எடுத்துப் பேசுகிற நிலையத்துக்கான காசு அது. நாங்கள் அதைச் சனத்திடம் வாங்கி, வாங்கிக் கொடுக்கிற கூலியாக இரண்டு மூன்று சதம் கழித்துக்கொண்டு, மிச்சத்தை நகரசபைக்குக் காசோலையாக அனுப்ப வேண்டும். கூடவே எந்த லைன் எந்த வீட்டில் என்று ஒரு பட்டியல். பட்டியல் இருந்தால் அழைப்பவர் வாய் திறக்காவிட்டாலும் அம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிடும். நல்ல ஏற்பாடு. நான் அதில் ஒரு குறையும் காணவில்லை.

அந்த வரியைத் தமிழாக்கியது நான்தான். "அவசரக் கட்டணம்" என்று போட்டேன். அடுத்த கிழமையே கிறிஸ்தோப்பர் என்கிற ஒரு வாடிக்கையாளர் கோபமாக எடுத்தார்.

"தம்பி, அவசரத்துக்கெண்டு காசு கட்டுறன். பேந்தும் வவுனியாவுக்கு லைன் கிடைக்க அரை மணித்தியாலம் செல்லுது. இது என்ன அவசரம்?"

"அண்ணை, அது வேறை அவசரம்."

"எத்தினை அவசரம் வைச்சிருக்கிறியள் நீங்கள்?"

நியாயமான கேள்விதான்.

இடைஞ்சல் யூலை முதலாம் திகதி வந்தது. அன்றைக்கு இந்த ஊரில் பாதிப்பேர் வீடு மாறுவது உங்களுக்குத் தெரியும். எங்கள் சனம் முதலில் மாறிவிட்டு, பிறகு லைன் வேலை செய்யவில்லை என்று என்னைத் திட்டும். நான் லைனை மாற்றிக் கொடுத்தேன். பட்டியலை மாற்ற நேரம் கிடைக்கவில்லை. பிழையான பட்டியலை அனுப்புவது பொய் சொல்வதற்குச் சமம். நான் பொய் சொல்கிறவன் இல்லை. ஆகவே அனுப்பவில்லை. பட்டியல் இல்லாத காசோலையை என்ன செய்வது? அதையும் அனுப்பவில்லை. நகரசபையிலிருந்து நினைவூட்டல் வந்தது. "கணினி மாறுகிறது, தயவுசெய்து பொறுக்கவும்" என்று மரியாதையாகப் பதில் எழுதினேன்.

பிறகுதான் இன்னொன்று மூளையில் தட்டியது. பட்டியலில் இல்லாத, காசு கட்டாத ஒரு லைனிலிருந்து அழைப்புப் போனால் நிலையத்தில் குழம்பிப்போவார்கள். அவர்களுக்கு ஏன் கரைச்சல் என்று கணினிப் பெட்டியில் ஒரேயொரு வரியை மாற்றினேன். அன்றிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் 911 அடித்தால் மணி என் மேசையில் அடித்தது.

யோசித்துப் பாருங்கள். கட்டணம் எதற்கு? எடுத்துப் பேசுவதற்கு. எடுத்துப் பேசியது யார்? நான். அப்படியென்றால் காசு சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்தது. அதில் வீண்செலவும் இல்லை. முதுகு நோகாத கதிரை ஒன்று, தலையில் மாட்டுகிற ஒலிவாங்கி ஒன்று. இரண்டும் சேவைக்கு.

சனமும் சந்தோஷப்பட்டது. அகதி வழக்கு முடியாத ஆட்களுக்குப் பொலிஸ் வாசலில் வந்து நிற்பது பிடிக்காது. பிரெஞ்சில் யாரோ கத்துவதும் பிடிக்காது. ஒருநாள் செல்வமலர் அக்கா 911 எடுத்தா.

"தம்பி, வடை சுட்ட புகைக்கு மேலை கிடக்கிற பெட்டி கத்துது. பொலிஸ் வந்திடுமோ?"

"வராது. யன்னலைத் திறந்துபோட்டு ஒரு துவாயாலை விசுக்குங்கோ அக்கா."

பெட்டியின் கத்தல் நின்றது. அடுத்த நாள் எனக்கு எட்டு வடை வந்தது. நிலையத்தில் இருக்கிறவர்களுக்கு யார் வடை கொடுப்பார்கள்?

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். கடைசியில் "இப்ப எப்பிடி?" என்று கேட்பேன். "பரவாயில்லை" என்றால் பக்கத்தில் சரி அடையாளம் போட்டு மூடிவிடுவேன். பெப்ரவரி வரைக்கும் முப்பத்தெட்டு அழைப்பு, முப்பத்தெட்டும் பரவாயில்லை. எந்த நிலையத்தில் இப்படிக் கணக்கு இருக்கும்?

பெப்ரவரி ஒன்பதாம் திகதி, காலை பத்து மணி பத்து நிமிடம். சிவநேசம் அன்ரி. மகள் கஜந்தினியோடு இருக்கிறவர். மகள் புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலைக்குப் போய்விட்டாள்.

"தம்பி, கரைச்சல் குடுக்கிறன். நெஞ்சுக்குள்ளை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?"

"புட்டு."

"அப்ப வாயுதான் அன்ரி. சுடுதண்ணி குடியுங்கோ. இப்ப எப்பிடி?"

"பரவாயில்லை."

பதினொரு மணிக்குத் திரும்பவும் எடுத்தார். இடது கை நோகிறதாம். வாசலில் ஸ்னோ வழித்தீர்களோ என்று கேட்டேன். ஓம் என்றார். அதுதான் காரணம் என்று ஆறுதல் சொன்னேன். பன்னிரண்டு இருபதுக்கு மூன்றாம் தரம். மகளுக்கு அறிவிக்கட்டோ என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, அவளுக்குப் புது வேலை" என்றார். இப்ப எப்பிடி என்றேன். பரவாயில்லை என்றார்.

இந்த இடத்தில் உஷா மேடம் என்னை நிறுத்துகிறார்.

"ஒரு நிமிஷம். 'பரவாயில்லை'யை இவர்கிட்ட எப்படிச் சொல்றது? வலி கொறைஞ்சிடுச்சுன்னா? சமாளிச்சுக்கறேன்னா? இல்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னா? அவங்க எப்படிச் சொன்னாங்க?"

மூன்றாம் தரம் "பரவா" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "யில்லை" என்றார். நான் கொப்பியில் சேர்த்துத்தான் எழுதினேன்.

நாலரை மணிக்கு அதே லைன் அடித்தது.

"வணக்கம், அவசரம்."

"அம்புலன்ஸ் பிளீஸ்... ஆரிது? ரதீசன் அண்ணையோ?"

"ஓம் தங்கச்சி."

"நான் 911 எல்லோ அடிச்சனான்!"

"ஓம், சரியாத்தான் அடிச்சிருக்கிறியள்."

"அம்மா குசினியிலை விழுந்து கிடக்கிறா. சில்லிட்டுப் போனா. இதை ஏன் அண்ணை நீங்கள் எடுக்கிறியள்?"

அதற்குச் சுருக்கமான விடை இல்லை. ஆகவே உதவியாக ஒன்று சொன்னேன்: "பக்கத்து வீட்டுக்கு ஓடுங்கோ. அவை இன்னும் பெரிய கொம்பனி லைன்தான் வைச்சிருக்கினம்."

ஆறு நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்ததாம். அவர்களுடைய சேவையை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு யாராவது அனுப்பப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. என் மேசையிலேயே பெரிய கொம்பனி லைன் ஒன்று இருந்தது. கை எட்டும் தூரம். எடுத்திருந்தால் விலாசம் கேட்பார்கள். அந்த அம்மா தானே ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். பிறகு பட்டியல் கேட்பார்கள். வாயு இல்லை என்று பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுக்கவில்லை. அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்றையும் கோப்பில் சேர்க்க வேண்டும். நீங்கள் என்னைக் கூட்டிவருவதற்கு முதல்நாள்தான் பெப்ரவரி பில் அடித்தேன். சிவநேசம் அன்ரியின் லைனுக்கு அவசரக் கட்டணத்தை முழுதாகக் கழித்துவிட்டேன். மூன்று தரம் எடுத்துப் பேசியிருந்தும், ஒரு சதம்கூடப் பிடிக்கவில்லை.